விளக்கோடு நிற்கிறவள்

ஸ்காபரோ
12 பெப்ரவரி 2025

நேற்றுக் காலை பத்து நாற்பத்தொன்றுக்குச் செய்தி வந்தது, மச்சாள். நேரம் பிசகாது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரையில் ஏறி நின்று கதவு மோட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பொக்கற்றில் போன் நடுங்கியது. செய்தி எனக்கு அல்ல, லக்சிக்கு. அவளுடைய மின்னஞ்சல் இன்னும் என் போனுக்குத்தான் வருகிறது. நிறுத்தவில்லை.

டவுன்ரவுனில் இருக்கிற பெரிய ஓவியக் கலரி அனுப்பியிருக்கிறது. அங்கே கடலும் கப்பலுமாக ஒரு பழைய படம் இருக்கிறது. அந்தப் படம் என்ன சொல்கிறது என்று பார்க்க வருகிறவர்களையே எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். லக்சியும் எழுதியிருக்கிறாள். நானூற்றுக்கு மேல் வந்ததில் அவளுடையதைத் தெரிவுசெய்திருக்கிறார்கள். அதை அச்சடித்துப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறார்கள். செப்டெம்பரில் ஒரு பின்னேரம் அவள் வந்து படத்துக்கு முன்னால் நின்று பத்து நிமிடம் பேசவேண்டுமாம். "வாழ்த்துகள் லக்சிகா, உங்களைச் சந்திக்க ஆசையாக இருக்கிறோம்" என்று முடித்திருக்கிறார்கள்.

அவள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் எழுதினாள் என்பது எனக்குத் தெரியாது. தேதியைப் பார்த்தேன். போன ஒக்ரோபரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அனுப்பியிருக்கிறாள்.

கீழே நின்ற என் வேலைக்கூட்டாளி ஜோசுவா, "டேய் ஜனா, மேலை நித்திரையோ?" என்று கத்தினான். "இல்லை" என்று சொல்லிவிட்டு மோட்டரைப் பூட்டி முடித்தேன்.

'அவர் இப்போது இல்லை' என்று ஒரு வரி பதில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? போனில் எடுத்தால் ஓமும் இல்லையும் தவிர என் வாயில் ஒன்றும் வருவதில்லை, எழுதித் தொலையும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எழுதிவிட்டேன்.

மாமியின் கால் வீக்கம் வற்றியதா? மாமா சுகமா? நான் சுகம்.

ஜனார்த்தன்


கொக்குவில்
13 பெப்ரவரி

ஜனா,

சுகம் விசாரிக்கிறதெல்லாம் பிறகு. முதலில் இதைக் கேளும்: நீர் ஒரு வரியும் எழுதவேண்டாம்! எழுதினீரெண்டால் பிளேன் ஏறி வந்து அடிப்பன்.

எனக்கு அந்தப் படம் தெரியும். போன வருடம் லக்சி போட்டோ எடுத்து அனுப்பினவள். அன்றைக்குத் தொடங்கியது எங்களுக்குள் சண்டை. "அக்கா, கப்பல் வருகுது பார்" என்றாள். "விசரி, அது போகுது. கரையில நிக்கிற பொம்பிளை லேஞ்சித் துணி ஆட்டுறது உனக்குத் தெரியேல்லையோ?" என்றேன். ஒரு கிழமை இழுபறி. ஆஸ்பத்திரியில் இருந்தும் எடுத்து, "துவாரகா ரீச்சர், இப்பவாவது தோல்வியை ஒத்துக்கொள்ளுறியளோ?" என்று கேட்டவள். பந்தயம் ஒரு ஐஸ்கிரீம். இன்னும் தீரவில்லை.

நானூறு பேருக்குள் என்ரை தங்கச்சி! இதை வகுப்பில் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. விஞ்ஞான பாடம் அதோடு சரி.

"வருவோம்" என்று எழுதும். அந்த ஒரு சொல் போதும். பிறகு போய்ப் படத்தைப் பாரும். அவள் என்ன எழுதினாள் என்று எனக்கு உடனே அனுப்பும்.

அம்மாவின் கால் பரவாயில்லை. அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். சாம்பலோடு எப்போது வருகிறீர்? முப்பத்தோராம் நாள் வெறுங்கையோடு கீரிமலைக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பின மனுசன். வேறொன்றும் கேட்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடும்.

துவாரகா


ஸ்காபரோ
2 மார்ச்

அன்புள்ள மச்சாள்,

இங்கே பனி குறையவில்லை. நான் சுகம். அங்கேயும் எல்லாரும் சுகமாக இருக்கவேண்டும்.

"வருவோம்" என்று எழுதிவிட்டேன். கலரிக்கும் போனேன். முன்பு ஒருமுறை லக்சி என்னைக் கூட்டிப் போனபோது படத்துக்கு முன்னால் இருக்கிற வாங்குப் பலகையில் இருந்து நித்திரை கொண்டுவிட்டேன். இந்தமுறை முழித்திருந்து பார்த்தேன்.

படம் ஒரு கதவு அளவு அகலம். ஐரோப்பாவில் ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன் கீறியது. யார் கீறியது என்று தெரியாது. நடுவில் பாய் கிழிந்த ஒரு கப்பல். வெளிச்சம் அதற்குப் பின்னால் இருப்பதால் கப்பல் வெறும் கறுப்பாகத் தெரிகிறது, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று பிடிபடவில்லை. வானம் பழுப்பு. இடது பக்கம் மலையில் ஒரு வீடு, புகைபோக்கியில் புகை. கீழே மணலில் உடைந்த நங்கூரம். வலது பக்கம் பாறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். ஒரு கையில் வெள்ளைத் துணி. காலடியில் எரிகிற விளக்கு. சட்டத்தின் கீழ் 'புறப்பாடு' என்று பெயர் எழுதியிருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பின்னால் ஒரு குரல், தமிழில்.

"தம்பி, தள்ளி நில்லும். மூக்காலை படத்தைத் துடைக்கப் போறீரோ?"

காவலுக்கு நிற்கிற கிறிஸ்துநாயகம் அங்கிள். நான் தமிழ் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உந்தப் படத்துக்கு முன்னாலை அரை மணித்தியாலம் நிக்கிற ஆக்கள் ரெண்டு பேர்தான். ஒண்டு நீர், மற்றது ஒரு பிள்ளை, லக்சிகா எண்டு. புதன்கிழமைப் பின்னேரம் காசில்லாமல் விடுவினம், அப்ப வருவா. இப்ப காணேல்லை. உமக்குத் தெரியுமோ?"

"தெரியும்" என்றேன்.

அவள் எழுதியதைக் கீழே தருகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள், எனக்குத் தெரிந்த தமிழில் மாற்றியிருக்கிறேன்.

"எல்லாரும் இந்தக் கப்பல் போகிறது என்கிறார்கள். வழியனுப்ப வருகிறவள் எதற்கு விளக்கோடு வருகிறாள்? விளக்கு, காத்திருக்கிறவளின் சாமான். இவள் இரவு முழுக்க இந்தப் பாறையில் நின்றிருக்கிறாள். எண்ணெய் முடியப்போகிறது. அவள் துணியை ஆட்டுவது விடைகொடுக்க அல்ல. 'இங்கே, இங்கே' என்று இடம் காட்டுகிறாள். உடைந்த நங்கூரம் வேறு யாருடையதோ, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கப்பல் வருகிறது. விடிந்துவிட்டது. இனி அவள் விளக்கை ஊதி நூர்க்கலாம்."

இவ்வளவுதான்.

அன்புடன்
ஜனா


கொக்குவில்
9 மார்ச்

அன்புள்ள ஜனா,

நாங்கள் நலம். வெயில்தான் நலமில்லை.

அவள் எழுதியதை ஆறு தரம் வாசித்தேன். வாயாடி. எங்கள் வீட்டில் கரண்ட் போனால் விளக்கைத் தேடி எடுக்கிறவள் அவள்தான்.

ஆனால் பந்தயம் பந்தயம்தான். எங்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியர் யேசுரட்ணம் சேரிடம் போட்டோவைக் காட்டினேன். மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடைவேளை முழுக்கப் பாடம் எடுத்துவிட்டார். அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்கள் கடற்பயணம் கீறினால் அது வெறும் பயணம் இல்லையாம். கப்பல் என்றால் உயிர். கடல் என்றால் எங்களுக்கு அடங்காதது எல்லாம். நங்கூரம் நம்பிக்கை, உடைந்திருந்தால் நம்பிக்கை போய்விட்டது. அணையப்போகிற விளக்கு ஆயுள். முதுகைக் காட்டி நிற்கிறவள் நாங்கள்தான், பார்க்கிற நாங்கள். "எல்லாத்தையும் கூட்டிப் பாத்தால் விடைபெறுறதுதான் ரீச்சர், வேறை வழியில்லை" என்றார். கேட்டீரா? ஐஸ்கிரீம் எனக்கு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவளை உம்மிடம் அனுப்பிவைத்தது நான். கண்ணாடிக்கு வெளியே நின்று லேஞ்சி ஆட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். வழியனுப்புகிறவளின் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் ஜனா. அந்தப் படத்தில் இருக்கிறது அந்த முதுகுதான்.

போன கடிதத்தில் சாம்பலைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. அப்பா பின்னேரம் பின்னேரம் "கனடாக் கடிதம் வந்ததோ?" என்கிறார். "வந்தது, படத்தைப் பற்றி" என்கிறேன். "ம்" என்கிறார்.

துவாரகா


ஸ்காபரோ
21 ஏப்ரல்

அன்புள்ள மச்சாள்,

பிந்திவிட்டேன், மன்னியுங்கள். புதுவருடம் எப்படிப் போனது? நான் சுகம். சுகத்துக்கு மேலேயும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. போன கிழமை மூன்று தரம் கலரிக்குப் போனேன்.

படங்களுக்குப் பொறுப்பான அம்மாவைச் சந்தித்தேன். நல்ல மனுசி. "லக்சிகா வரவில்லையா?" என்று கேட்டார். "நான் அவவின் கணவர்" என்றேன். "அவ செப்டெம்பரில் வருவாதானே?" என்றார். "பார்க்கிறோம்" என்று வாயில் வந்துவிட்டது.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு ஏறவில்லை. இந்தப் படம் புறப்பாடு என்று நூறு வருடத்துக்கு மேலாக எல்லாரும் எழுதிவிட்டார்களாம். "உங்கள் மனைவியின் குறிப்பு மிக அழகு. சரியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. நவம்பருக்குப் பிறகு எனக்கு வந்த முதல் கோபம் இது. வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

அவள் சொன்னது அழகு மட்டும் இல்லை, சரி என்று காட்டப்போகிறேன். எப்படி என்று கேளுங்கள்.

லிஃப்டில் ஆட்கள் நிற்கிற கூண்டு ஒரு பக்கம். கயிற்றின் மறுபக்கம் அதைச் சமப்படுத்துகிற ஒரு பாரம். கூண்டு ஏறினால் பாரம் இறங்கும். இருட்டில் கூண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாவிட்டால் நாங்கள் கூண்டைப் பார்ப்பதில்லை, பாரத்தைத்தான் பார்ப்போம். இந்தப் படத்தில் கப்பல் இருட்டு. அதனால் கப்பலை விட்டுவிட்டு மற்றதைப் பார்த்தேன். கப்பலின் கொடி கரைப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மலைவீட்டுப் புகையும் கரைப்பக்கம். அவளுடைய கைத்துணியும் கரைப்பக்கம். மூன்றும் ஒரே பக்கம்! காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. பாய் விரித்த கப்பல் எதிர்காற்றுக்கு நேரே எப்படிப் போகும்? போகாது. வருகிறது மச்சாள்!

அம்பு போட்டு, கோணம் அளந்து, பதினான்கு பக்கம் செய்திருக்கிறேன். ஜோசுவா பார்த்துவிட்டு, "உனக்குப் பிடிச்சிருக்கிறது படமோ பேயோ?" என்றான்.

மாமா மாமிக்கு என் அன்பு.

ஜனா


கொக்குவில்
23 ஏப்ரல்

ஜனா, எங்கள் வீட்டுக் கோபக்கார மருமகனே,

வருடம் நன்றாகப் பிறந்தது. இரண்டு கோப்பை சோறு என்று வாசித்துக் காட்டியதும் அம்மா சாமிப்படத்துக்குப் பூ வைத்தார். கோபம் வாழ்க.

ஆனால் நீர் விஞ்ஞான ரீச்சரோடு மோதலாமோ? ஒன்பதாம் வகுப்புப் பாடம் கேளும். இரவில் தரை கெதியாகக் குளிரும், கடல் குளிராது. அதனால் விடியப்புறத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்குத்தான் வீசும். கடலிலிருந்து கரைக்கு வீசுவது மத்தியானத்துக்குப் பிறகு. உம்முடைய கொடி, புகை, துணி மூன்றும் சரியென்றால் படத்தில் நேரம் பின்னேரம். பின்னேரமென்றால் லக்சியின் 'விடிந்துவிட்டது' பிழை. விடியவில்லை என்றால் விளக்கு அப்போதுதான் ஏற்றினது. பதினான்கு பக்கமும் அவளுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லுது!

ஹா! எனக்கு இரட்டை ஐஸ்கிரீம்.

யேசுரட்ணம் சேர் வேறு சொல்கிறார்: "ரீச்சர், அவங்கள் காற்றைப் பாத்துக் கீறுற ஆக்களில்லை. மனசைப் பாத்துக் கீறுற ஆக்கள். படம் லிஃப்ட் இல்லையெண்டு அவருக்குச் சொல்லுங்கோ." சொல்லிவிட்டேன்.

அந்த அம்மாவிடம் "பார்க்கிறோம்" என்று சொன்னது என்ன விசர் ஜனா? செப்டெம்பரில் ஆரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டப்போகிறீர்? இப்போதே சொல்லிவிடும்.

நவம்பரில் ஆண்டுத் திவசம். அதற்கு முதல் வருவீர்தானே? ஐயரிடம் நாள் பார்க்க வேண்டும் என்று அப்பா நிற்கிறார்.

துவாரகா


ஸ்காபரோ
8 ஜூன்

அன்புள்ள மச்சாள்,

நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

தரைக்காற்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்வது சரி.

வேலை கூட. பிறம்ரனில் புதுக் கட்டடம் ஒன்று. விடியப் போனால் இருட்டினாப் பிறகுதான் வீடு.

ஜனார்த்தன்


கொக்குவில்
10 ஜூன்

ஜனா,

ஒன்றரை மாதம் கழித்து நாலு வரி. அதில் முழுப்பெயர் வேறு. எனக்கு விளங்கிவிட்டது.

கேளும். நான் சண்டை பிடிக்கிறது வெல்லுறதுக்கு இல்லை. லக்சியோடு சண்டை பிடித்த ருசி எனக்கு இப்போது வேறெங்கும் இல்லை. உம்மிடம்தான் கிடைத்தது. அதனால் கொஞ்சம் கூடப் போய்விட்டேன். அவ்வளவுதான். ஐஸ்கிரீமைத் திருப்பித் தருகிறேன், நீர் சண்டைக்கு வாரும்.

ஜோசுவா முகநூலில் அம்மாவோடு கதைக்கிறவராம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். வேலை இடைவேளையில் சாய்ந்தாலும் நீர் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறீராம். சத்தத்தைக் குறைக்கவே விடுவதில்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று அப்போது வைத்திருந்தீர், சரி. இப்போது யார் கூப்பிடப்போகிறார்கள் ஜனா?

பதில் வேண்டாம். சாப்பிடும்.

துவாரகா


ஸ்காபரோ
14 ஓகஸ்ட்

மச்சாள்! மச்சாள்!

சுகமா என்று கேட்க மறந்துவிடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே கேட்கிறேன்: எல்லாரும் சுகமா? நான் நல்ல சுகம். அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

செப்டெம்பர் நிகழ்வுக்கு முதல் படத்தைக் கழுவப்போவதாகச் சொன்னார்கள். இருநூறு வருடத்துப் புகையும் தூசும் பழைய வார்னிஷும் படத்தின் மேலே பழுப்பாகப் படிந்திருக்கிறது. நான் அந்த அம்மாவுக்கு ஏழு மின்னஞ்சல் போட்டேன், பார்க்க விடச் சொல்லி. கடைசியில் அலுத்துப்போய், "சரி, வந்து ஒரு மூலையில் நில்லுங்கள், எதையும் தொடக்கூடாது" என்றார். இன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஒரு பிள்ளை இருந்து சின்னக் குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தொட்டு, மெல்ல மெல்ல உருட்டுகிறாள். பஞ்சு தேத்தண்ணி நிறமாக வருகிறது. தபால்தலை அளவு இடம் கழுவ ஒரு பஞ்சு. வானத்தில் தொடங்கினாள். பழுப்புக்குக் கீழே நீலம்! பின்னேரமும் இல்லை ஒன்றுமில்லை, வார்னிஷ் கிழடாகிப் பழுத்ததைத்தான் நூறு வருடமாக எல்லாரும் அந்தி என்று நினைத்திருக்கிறார்கள். நீலம் விடியலுக்கும் வரும், நடுப்பகலுக்கும் வரும், அதனால் அடுத்த பஞ்சுக்காகக் காத்து நின்றேன்.

பிறகு கப்பலுக்கு வந்தாள். கப்பலுக்கு அங்கால், அடிவானம் பக்கமாகக் கடல் வெறும் இருட்டாக இருந்ததே, அந்த இடம். ஒரு பஞ்சு. இரண்டு பஞ்சு. மூன்றாவதில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு இன்னொன்று. பிறகு கோடு. நுரைக்கோடு மச்சாள்! கப்பல் தண்ணீரைக் கிழித்துவந்த தடம். எந்தப் பக்கம் நீளுகிறது தெரியுமா? அடிவானப் பக்கம். ஓடுகிற எதுவும் தடத்தைப் பின்னால்தான் விடும். கப்பலின் முதுகு கடலுக்கு, முகம் கரைக்கு!

"வருகுது!" என்று தமிழில் கத்திவிட்டேன். கழுவுகிற பிள்ளை பயந்து குச்சியைப் போட்டுவிட்டாள். கதவடியில் நின்ற கிறிஸ்துநாயகம் அங்கிள் ஓடிவந்தார். "என்ன தம்பி, ஆர் வருகினம்?" என்றார். காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். "அப்ப அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். நான் பகிடிக்கு இல்லையெண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்" என்றார். பொறுப்பான அம்மாவும் வந்தார். குனிந்து நுரைக்கோட்டைப் பார்த்தார். பிறகு, "பெயர்ப்பலகையை மாற்ற வேண்டும்" என்றார்.

உங்கள் தரைக்காற்றுக்கும் பதில் இருக்கிறது. பாய் கிழிந்திருக்கிறதே, கவனித்தீர்களா? புயல். இரவு முழுக்கப் புயல் அடித்து ஓய்ந்த விடியல். புயல்காற்று உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைக் கேட்டுக்கொண்டா வீசும்? யேசுரட்ணம் சேருக்கும் சொல்லுங்கோ: மனசைப் பார்த்துக் கீறினவன் காற்றையும் பார்த்துத்தான் கீறியிருக்கிறான். அவள் வென்றுவிட்டாள் மச்சாள். நங்கூரம், விளக்கு, துணி, எல்லாவற்றையும் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். சும்மா ஒரு வாங்கில் இருந்துகொண்டு!

போட்டோ இணைத்திருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கோ.

ஜனா


கொக்குவில்
6 செப்டெம்பர்

அன்புள்ள ஜனா,

நாங்கள் சுகம். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை.

போட்டோவை அன்றைக்கே பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். தோற்றுவிட்டேன். கஸ்தூரியார் வீதிக்குப் போய் ஐஸ்கிரீம் ஒன்று வாங்கி, அவளுக்குப் பதிலாக நானே சாப்பிட்டேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

போட்டோவை அப்பாவுக்கும் காட்டினேன். நுரைக்கோட்டில் விரலை வைத்துக் காட்டி, கப்பல் வருகிறது என்று நீர் கண்டுபிடித்ததைச் சொன்னேன். கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப கப்பலுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

இத்தனை மாதமாக எல்லாரும் பாறையில் நிற்கிறவளைப் பற்றித்தான் கதைத்தோம். கப்பலுக்குள் இருக்கிறவர்களை ஒருத்தரும் நினைக்கவில்லை. லக்சியும் எழுதவில்லை.

மூன்று கிழமை யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நீர் உம்மைப் பாறையில் நிற்கிறவளாக நினைத்துக்கொண்டிருக்கிறீர் ஜனா. போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு முழித்திருக்கிறீர். நீர் இல்லை. பாறையில் நிற்கிறது நாங்கள். அப்பா பின்னேரம் படலைக் கதவடியில் நிற்கிறார். அம்மா அவளுடைய அறை லைற்றை நூர்க்க விடுவதில்லை. நீர்தான் கப்பல். அவளும் அதற்குள்தான் இருக்கிறாள், உம்முடைய அலுமாரித் தட்டில்.

வருகிறது என்று நீரே நிரூபித்துவிட்டீர். அப்ப வாரும்.

துவாரகா


பியர்சன் விமான நிலையம்
9 ஒக்ரோபர்

அன்புள்ள மச்சாள்,

இதைக் கையால் எழுதுகிறேன். மின்னஞ்சலில் அனுப்பப்போவதில்லை. உங்கள் கையில் நானே தருவேன். ஆகவே சுகம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்வோம்.

கலரியில் பேசின அந்தப் பின்னேரம் எப்படிப் போனது என்று போனில் கேட்டீர்கள், "நல்லாப் போச்சு" என்று மட்டும் சொன்னேன். மீதி இது.

ஐம்பது பேர் வரை வந்திருந்தார்கள். ஜோசுவா கோட் போட்டு வந்தான். கிறிஸ்துநாயகம் அங்கிள் லீவு நாளிலும் வந்து முன் வரிசையில் இருந்தார். படம் கழுவி முடிந்து பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் லக்சி எழுதியது, கீழே அவளுடைய பெயர். சட்டத்தில் 'புறப்பாடு' இல்லை. அந்த இடத்தில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

பொறுப்பான அம்மா என்னை அறிமுகப்படுத்தினார். "லக்சிகாவால் இன்றைக்கு வர முடியவில்லை, அவருடைய கணவர் பேசுவார்" என்றார். பதினான்கு பக்கமும் பென்டிரைவில் இருந்தது. கொடி, புகை, அம்பு, நுரை எல்லாம். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"லக்சிகா செத்துப்போனா. போன நவம்பரிலை" என்று சொன்னேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன். ஆனால் எனக்குத் தமிழில்தான் கேட்டது. அதை வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தரம். உங்களுக்கும் ஒரு கடிதத்திலும் நான் அந்தச் சொல்லை எழுதவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

அங்கிள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

பதினான்கு பக்கத்தில் ஒன்றையும் காட்டவில்லை. விளக்கைப் பற்றி மட்டும் கதைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காத்திருக்கிற ஒருத்திக்கு 'விடிந்துவிட்டது, நூர்க்கலாம்' என்று எழுத ஒருத்திக்கு முடிந்திருக்கிறது என்றேன். ஐந்து நிமிடமும் இல்லை. முடிந்ததும் முன்னால் இருந்த ஒரு வெள்ளைக்கார ஆச்சி கை உயர்த்தினா. "கப்பல் வருகிறது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டா.

"என்ரை மனுசி சொன்னவ" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மச்சாள்.

அடுத்த நாள் விடியப் பிளேன் ரிக்கற் போட்டேன்.

இன்றைக்குப் பாதுகாப்புச் சோதனையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். சாம்பல் பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். சீக்கிய மதத்து ஒரு இளம் பிள்ளை, தலைப்பாகை கட்டியிருந்தா. பத்திரத்தை வாசித்தா. என் முகத்தைப் பார்த்தா. பெல்ட்டில் வைக்காமல் இரண்டு கையாலும் தூக்கி என் கையில் தந்தா. கனமாக இருந்தது. வீட்டில் பதினொரு மாதம் வைத்திருந்தும் எனக்கு அந்தக் கனம் தெரியாது. ஒருநாளும் தூக்கிப் பார்க்கவில்லை.

அவளுக்கு யன்னல் கரை பிடிக்கும். யன்னல் கரைதான் எடுத்திருக்கிறேன்.

வேலைப் போனை ஜோசுவாவிடம் கொடுத்துவிட்டேன். "எவன் லிஃப்டுக்குள்ளை மாட்டினாலும் நான் பாக்கிறன். நீ போடா" என்றான். என் போன்தான் மிச்சம். கட்டுநாயக்காவுக்கு வரவேண்டாம் என்று உங்களுக்குச் சொன்னேன்; நீங்கள் கண்ணாடிக்கு வெளியே லேஞ்சியோடு நிற்பீர்கள் என்று தெரியும். மாமாவும் நிற்பார். தேடிப் பிடிக்கப் போன் தேவையில்லை. நீங்கள் நிற்கிற இடம் எனக்குத் தெரியும்.

கூப்பிடுகிறார்கள். வரிசை நகருகிறது.

வருகிறோம்.

ஜனா

போனை நூர்த்துவிட்டேன்.